முதன்மை ஓட்டுநர்

அந்த வீட்டில் அம்மாவை இத்தனை பேர் ஒரே நேரத்தில் அன்பாகப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. பெரியவன் பார்த்தான், சின்னவன் பார்த்தான், பெரியவன் மனைவி பார்த்தாள். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் பார்த்தான். தனக்குப் பின்னால் யாராவது பெரிய மனுஷர் நிற்கிறாரோ என்று அம்மா திரும்பிப் பார்த்தாள். ஃபிரிட்ஜ்தான் நின்றுகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். வீட்டுக்குப் புதுக் கார் வாங்கியாகிவிட்டது. கடையில் பளபளவென்று நிற்கிறது. ஆனால் இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியைப் பதிவு செய்யமாட்டார்கள். பதிவு செய்யாமல் நம்பர் கிடையாது. நம்பர் இல்லாத வண்டியைத் தெருவில் இறக்க முடியாது. இன்சூரன்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் வண்டியும் பதிவாகும். யார் பேரில் எடுப்பது என்பதில்தான் இழுபறி. சின்னவன் இதுவரை மூன்று முறை இடித்திருக்கிறான். அதில் ஒன்று, நின்றுகொண்டிருந்த லாரி. நண்பர்கள் அவனை இடிதாங்கி என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியவன் இடித்ததில்லை, ஆனால் போனில் பேசிக்கொண்டே ஓட்டி இரண்டு தடவை கையும் களவுமாக மாட்டியிருக்கிறான். மருமகளுக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்துவிட்டது என்று அவள் நம்பிய ஒரே வாரத்தில் டிரைவிங் ஸ்கூலின் இரும்புக் கேட் போய்விட்டது. ஏஜென்ட் ஒவ்வொரு பேராகப் போனில் தட்டத் தட்ட, கட்டவேண்டிய தொகை ஏறிக்கொண்டே போனது.

"வேற யாருகிட்டயாவது லைசென்ஸ் இருக்காண்ணே?" என்று அவன் பெரியவனிடம் கேட்டான்.

"அம்மாகிட்ட ஒண்ணு இருக்கு. பேங்க்ல அடையாளம் காட்டறதுக்கு," என்று பெரியவன் சிரித்தான்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டியவள். இருட்டுப் பிரிவதற்குள் கடை கடையாக நிறுத்தி, தட்டுத் தட்டாக இறக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வேனைக் கழுவி நிறுத்திவிடுவாள். கல்யாணமான மறுவாரமே புருஷன் சாவியை வாங்கிக்கொண்டார். வீட்டில் ஆம்பளை இருக்கும்போது பொம்பளை ஓட்டினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்பது அவர் கட்சி. பார்க்கிறவன் யார் என்று கடைசி வரை அவர் சொல்லவில்லை. அதற்கப்புறம் முப்பத்தைந்து வருஷம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "சிவப்பு விழுந்துடுச்சுங்க" என்று சொல்வதுதான் அவளுக்கு வாய்த்த உத்தியோகம். லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்து வந்தாள். அதில் போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது என்று காரணம் சொல்வாள். அது சும்மா சொன்ன காரணம். அந்த அட்டையை விட்டுவிட அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஏஜென்ட் அம்மாவின் பேரைத் தட்டினான். அவன் கண்கள் அகலமாயின.

"முப்பத்தஞ்சு வருஷம்ணே! ஒரு விபத்து கிடையாது. ஒரு அபராதம் கிடையாது. இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல. பாதிக்குப் பாதி குறையுது!"

ஓட்டவே விடாதபோது அவள் எதைப் போய் இடிப்பாள்? இதை அந்த மேஜையில் யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் எல்லோரும் அம்மாவை அப்படிப் பார்த்தார்கள்.

"வேற யாரும் இந்த வண்டியை ஓட்டமாட்டாங்கன்னு போட்டா இன்னும் குறையும்," என்றான் ஏஜென்ட்.

"போடு போடு," என்றான் சின்னவன்.

அம்மாவுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் எதிலும் அக்கறை இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய அக்கா இரண்டு மணி நேரத் தொலைவில் வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். போன வருஷம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இப்போது கைத்தடியோடு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நகர்கிறாள். அவளால் வர முடியாது. அம்மாதான் போகவேண்டும். பஸ் மெயின் ரோட்டோடு சரி, அங்கிருந்து பொட்டல் வெளியில் வெகுதூரம் நடக்கவேண்டும். நான் நடப்பேன் என்று அம்மா சொன்னால், "நீ எங்கயாவது விழுந்து வச்சா ஊரே எங்களைத்தான் திட்டும்" என்று பிள்ளைகள் தடுத்துவிடுவார்கள். சரி, நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள் என்றால் அடுத்த வாரம் என்பார்கள். அக்காவிடமும் போனில் பெரியவன் அதையேதான் சொல்வான். ஒரு வருஷமாக அந்த அடுத்த வாரம் வந்தபாடில்லை.

"கார் வந்தா அக்காவைப் பார்த்துட்டு வரலாமாடா?" என்று அம்மா கேட்டாள்.

"என்னம்மா இப்படிக் கேக்கற? உனக்காகத்தானே வாங்கறதே," என்றான் பெரியவன். அதைச் சொல்லும்போது கண்ணில் நீர் வராததுதான் குறை.

பதிவு அலுவலகம் ஒரு நீளமான கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரெல்லாம் எச்சரிக்கைப் பலகைகள், ஓடுவதா நிற்பதா என்று யோசிக்கும் ஒரு மின்விசிறி. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று பலபேர் கோர்ட்டில் கை விரித்துவிட்டதால், இப்போதெல்லாம் கையெழுத்து மட்டும் போதாது. இன்சூரன்ஸ் உறுதிமொழியைக் கவுன்டரில் இருப்பவர் வாசிப்பார், வண்டி உரிமையாளர் மைக்கில் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லவேண்டும். அது பதிவாகும். கூடத்தில் உள்ள ஸ்பீக்கரிலும் கேட்கும். முன்னால் நின்ற ஒரு தடித்த ஆசாமி, தான் குடித்துவிட்டு ஓட்டமாட்டேன் என்று உறுதி சொன்னபோது, அவரோடு வந்திருந்த மனைவி சிரித்த சிரிப்பும் ஸ்பீக்கரில் கேட்டது.

அம்மாவின் முறை வந்தது. பிள்ளைகள் இருவரும் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். கவுன்டரில் ஒரு பெண், தலை நிமிராமல் கடகடவென்று வாசித்தாள்.

"இந்த வாகனத்தின் உரிமையாளரும் முதன்மை ஓட்டுநரும் நானே. என்னைத் தவிர வேறு யாரும் இதை ஓட்டமாட்டார்கள். வேறு ஒருவர் ஓட்டி விபத்து ஏற்பட்டால் இழப்பீடு கிடைக்காது என்பதையும், இந்த உறுதிமொழி பொய்யானால் என் மீது வழக்குத் தொடரப்படும் என்பதையும் அறிவேன். சொல்லுங்கம்மா."

அம்மா மைக்கைப் பார்த்தாள். "வழக்கா? யார் மேலம்மா?"

அந்தப் பெண் முதல் முறையாக நிமிர்ந்தாள். "உங்க மேலதான். நீங்கதானே ஓனர்?"

"இவங்க ஓட்டிப் போய் யாரையாவது இடிச்சா?"

"அப்பவும் நீங்கதாம்மா. ஆஸ்பத்திரிச் செலவு, நஷ்ட ஈடு, கோர்ட்டு எல்லாம் உங்க தலையிலதான்."

அம்மா பெரியவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது உனக்குத் தெரியுமாடா?"

"அதெல்லாம் சும்மா எழுதி வச்சிருக்கறதும்மா. யாரு பாக்கப்போறா? ஆமான்னு சொல்லிட்டு வா, நேரமாகுது."

"நீ கோர்ட்டுக்கெல்லாம் போகவேண்டாம்மா, நான் பாத்து ஓட்டறேன்," என்றான் சின்னவன். நிற்கிற லாரியை இடித்தவன் சொன்னான்.

கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்க, பெற்றவள் கழுத்தைக் கொண்டுபோய்க் கத்திக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். கேட்டால் நேரமாகிறதாம். தெரிந்தே செய்தார்களே என்பதுதான் அவளுக்கு வலித்தது. தெரியாமல் செய்திருந்தால் அசடுகள் என்று விட்டிருப்பாள். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆனால் இந்த வண்டியும் போனால் அக்காவை அப்புறம் எந்த ஜென்மத்தில் பார்ப்பது?

அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உரிமையாளரும் முதன்மை ஓட்டுநரும் நானே," என்றாள். ஸ்பீக்கர் அதைக் கூடம் முழுக்கக் கொண்டுபோனது. தன் குரல் இவ்வளவு பெரிதாக இருக்குமென்று அவளுக்கே தெரியாது. "என்னைத் தவிர வேறு யாரும் ஓட்டமாட்டார்கள்." அதை இன்னொரு முறை சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. சொல்லவும் சொன்னாள். பதிவுக்காக என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள்.

வண்டியைக் கடை ஆளே கொண்டுவந்து பின்பக்க முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். நம்பர் பலகையை முடுக்கினார்கள். சின்னவன் சட்டென்று ஓட்டுநர் சீட்டில் ஏறி, கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். கேட்டில் காவல்காரர் கையை நீட்டினார்.

"இன்சூரன்ஸ் காட்டுங்க. ம்ம். இதுல ஒரு அம்மா பேருல்ல இருக்கு?"

"எங்க அம்மாதான். பின்னாடி உக்காந்திருக்காங்க."

"பின்னாடி உக்காந்தா எப்படி? இந்த கேட்டைத் தாண்டணும்னா பேர் இருக்கறவங்கதான் ஓட்டணும். இறங்குங்க தம்பி."

பெரியவன் இறங்கிப் போய்க் காவல்காரரின் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போகப் பார்த்தான். அவர் தலைக்கு மேலிருந்த கேமராவை விரலால் காட்டினார். பெரியவன் கை தானாக இறங்கிவிட்டது. பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடித்தன.

"இறங்குடா," என்றாள் அம்மா.

"விளையாடாதம்மா. நீ ஓட்டி எத்தனை வருஷமாச்சு!"

"எத்தனை வருஷமாச்சுன்னு அந்த ஏஜென்ட் கேட்டானா? இறங்கு."

அவள் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்து, கியரைத் தேடினாள். ரொட்டி வேனில் கியர் போட இரண்டு கை பலம் வேண்டும். இதில் அப்படி ஒன்றையும் காணோம். அதுவாகவே மாறிக்கொள்ளும் என்றான் சின்னவன், எரிச்சலோடு. "அப்புறம் என்னத்துக்குடா நீ லாரியில இடிச்ச?" என்று அம்மா கேட்டாள்.

பொய் சொல்லக்கூடாது, அம்மா பிரமாதமாக ஒன்றும் ஓட்டவில்லை. பிரேக்கை அழுத்திய அழுத்தில் பிள்ளைகள் இரண்டு பேரும் முன்னால் போய் முட்டிக்கொண்டார்கள். ரவுண்டானாவை மூன்று சுற்று சுற்றினாள், எந்த வழியில் வெளியேறுவது என்று தெரியாமல். பின்னால் வந்தவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "அவசரம்னா மேல பறந்து போடா," என்றாள், கண்ணாடி மூடியிருந்த தைரியத்தில். ஆனால் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது எதிலும் ஒரு கீறல் இல்லை. அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இவ்வளவுதானா, இதற்காகவா இத்தனை வருஷம் விட்டுக்கொடுத்தேன் என்று தன்மேலேயே கோபமும் வந்தது.

"சரி, சாவியைக் குடு," என்றான் பெரியவன்.

"எதுக்கு?"

"எதுக்கா? ஓட்டறதுக்கு."

"உன் பேர் அதுல இல்லையேடா. நீ எங்கயாவது இடிச்சா கோர்ட்டு வாசல்ல நிக்கப்போறது நீயா, நானா?"

சாவி அம்மாவின் கைப்பைக்குள் போனது. கைப்பை தலையணைக்கு அடியில் போனது. அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, அம்மாவைத் தவிர. மறுநாள் ஏஜென்ட்டை வரவழைத்தார்கள். இப்போது பேர் சேர்த்தால் முதலில் சொன்னதைவிட அதிகமாகும், போதாக்குறைக்கு உரிமையாளர் சம்மதமும் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவன் காப்பியைக்கூடக் குடிக்காமல் கம்பி நீட்டினான். பிள்ளைகள் இருவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அம்மா தினமும் விடிகாலையில் காலியான மார்க்கெட் திடலுக்கு வண்டியைக் கொண்டுபோய், முன்னால் பின்னால் என்று ஓட்டிப் பழகினாள். கொஞ்ச நாளில் வண்டி கைக்கு அடங்கிவிட்டது. அந்த வாரக் கடைசியில் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவும் செய்துவிட்டாள்.

அதற்குள் மருமகளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அந்த வீட்டில் மூளை இருப்பது அவளுக்கு மட்டும்தான், அதனால்தான் அவளிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

"அத்தை, எவ்வளவு நல்லா ஓட்டறீங்க! என்னைக் கொஞ்சம் ஆபீஸ்ல விட்டுடறீங்களா?"

அம்மா உச்சி குளிர்ந்து போனாள். முப்பத்தைந்து வருஷத்தில் நன்றாக ஓட்டுகிறாய் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. மருமகளை விட்டாள். வருகிற வழிதானே என்று பெரியவனையும் விட்டாள். சின்னவனை ரயில் நிலையத்தில் இறக்கினாள். சாயங்காலம் மூவரையும் திரும்ப ஏற்றினாள். மறுவாரமே ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டது. அதில் அம்மாவின் பேர் எங்கும் இல்லை, மற்ற மூவரும் எந்த இடத்தில் எப்போது ஏறுவார்கள் என்பது மட்டும் இருந்தது. சம்பளம் கேட்காத டிரைவர் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? பேர் சேர்ப்பது பற்றி அப்புறம் ஒருவரும் மூச்சு விடவில்லை. மூன்று பேரும் பின்சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு போனைப் பார்த்தபடி வருவார்கள். சின்னவன் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிட்டு, "எங்க இருக்க? எவ்வளவு நேரம் நிக்கறது?" என்பான். வாடகைக் காரைக் கூப்பிடுகிற அதே குரல். வாடகைக் கார் டிரைவரிடமாவது கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருப்பான்.

ஒரு மாதம் இப்படிப் போனது. சனி ஞாயிறுகளில் பார்லர், ஜிம், சினிமா. அம்மா வெளியே வண்டியில் உட்கார்ந்து காத்திருப்பாள். அப்படி ஒரு நாள் காத்திருக்கும்போது அக்கா போன் செய்தாள்.

"என்னடி, கார் வாங்கியாச்சு, நீயே ஓட்டறியாமே! எனக்குக் கேட்டதும் தூக்கமே வரலடி. எப்ப வர?"

"அடுத்த வாரம் வரேன்க்கா," என்றாள் அம்மா.

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. பெரியவன் சொல்கிற அதே வாக்கியம், அதே வேகம். அக்கா "சரிடி, முடிஞ்சப்ப வா," என்று போனை வைத்துவிட்டாள். அம்மாவுக்கு முகத்தில் அறை வாங்கியதுபோல இருந்தது. பிள்ளைகள் மேலிருந்த கோபமெல்லாம் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. சாவி கையில் இருக்கிறது, வண்டி காலடியில் இருக்கிறது, இப்போது யாரைக் குறை சொல்வது?

அடுத்த சனிக்கிழமை பெரியவனின் மேனேஜர் வீட்டில் விருந்து. குடும்பத்தோடு அழைப்பு. குடும்பம் என்றால் மூன்று பேர். அம்மா வெளியே காத்திருக்கவேண்டும், சாப்பாட்டைப் பார்சல் வாங்கிவருவதாக மருமகள் பெருந்தன்மையோடு சொல்லியிருந்தாள். மூவரும் செண்ட் மணக்க ஏறினார்கள், போனை எடுத்தார்கள், தலையைக் குனிந்தார்கள். அம்மா வண்டியை எடுத்தாள். மேனேஜர் வீட்டுக்குத் திரும்பவேண்டிய முனையில் அவள் திரும்பவில்லை. நேராகப் போனாள். பாலம் தாண்டியது, கிடங்குகள் தாண்டின, இரண்டு பக்கமும் வெட்டவெளி வந்தது. பெரியவன் தலை நிமிர்ந்தபோது ஊரே காணாமல் போயிருந்தது.

"அம்மா! எங்க போற?"

"பெரியம்மா வீட்டுக்கு."

"என்ன விளையாட்டு இது? மேனேஜர் வெயிட் பண்ணிட்டு இருக்காரு! வண்டியைத் திருப்பு!"

அம்மா திருப்பவில்லை. நிறுத்தினாள், ஓரமாக, விளக்கைப் போட்டு, ஒழுங்காக.

"யாருக்கு இறங்கணுமோ இறங்கிக்கலாம். பஸ் வரும். எப்ப வரும்னு எனக்குத் தெரியாது."

வெளியே வெயில் கொளுத்தியது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு கடை இல்லை. மருமகள் தன் உயரமான செருப்பைப் பார்த்தாள். சின்னவன் ஏசியைக் கொஞ்சம் கூட்டச் சொன்னான். ஒருவரும் இறங்கவில்லை. மேனேஜருக்குப் போன் போட்டு, பெரியம்மாவுக்குத் திடீரென்று முடியவில்லை என்று பெரியவன் தழுதழுத்த குரலில் சொல்வதை அம்மா கேட்டுக்கொண்டே ஓட்டினாள். ஒரு வருஷமாக யாரும் எட்டிப் பார்க்காத பெரியம்மா இப்போதாவது உதவிக்கு வந்தாளே.

அக்கா வண்டிச் சத்தம் கேட்டுக் கைத்தடியோடு வாசலுக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். அவளைப் பார்த்தபடி அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் பெரியவன் முந்திக்கொண்டு இறங்கினான். அக்கா அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ராசா, சொன்னபடி அம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டியே! நீ நல்லா இருப்படா."

பெரியவன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "பின்னே, விட்டுடுவோமா பெரியம்மா? எவ்வளவு வேலை இருந்தாலும் உங்களைவிடப் பெருசா?"

சின்னவன் ஆமாம் என்று தலையாட்டினான். மருமகள் புன்னகை செய்தாள். வழக்கமாக இந்த இடத்தில் அம்மா பேசாமல் இருந்துவிடுவாள். பிள்ளைக்கு நல்ல பேர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று முப்பது வருஷமாக அப்படித்தான் இருந்தாள். அன்றைக்கு அவள் காரை விட்டு இறங்கி நேராக அக்காவிடம் போனாள்.

"அக்கா, இவன் என்னைக் கூட்டிட்டு வரல. நான்தான் இவங்க மூணு பேரையும் பின்னாடி போட்டுக்கிட்டு வந்தேன். ஒரு வருஷமா இவன் உன்னை ஏமாத்தினான், ஒரு மாசமா நான் ஏமாத்தினேன். வண்டி கையில இருந்தும் வரல. என்னை நாலு திட்டு திட்டிடு."

பெரியவன் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அவன் கையை மெதுவாக விட்டாள். தங்கையைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், மறுபடி தங்கையைப் பார்த்தாள்.

"திட்டறது இருக்கட்டும்டி. நான் இந்த வாசலைத் தாண்டி ஒரு வருஷமாச்சு. என்னை முதல்ல எங்கயாவது கூட்டிட்டுப் போ."

அம்மா அவளை இடுப்பில் கைகொடுத்து அணைத்துக் கூட்டிக்கொண்டு போய், முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, பதமாக உட்காரவைத்தாள். கைத்தடியைப் பின்சீட்டில் நீட்டி வைத்தாள். சின்னவன் ஏறப் பார்த்தான்.

"கைத்தடி இருக்குடா," என்றாள் அம்மா.

"அப்ப நாங்க என்ன பண்றது?" என்றான் பெரியவன். "எப்ப வருவீங்க? எங்களுக்குப் பசிக்குதும்மா."

அம்மா கண்ணாடியை இறக்கினாள்.

"வீடு திறந்துதான் கிடக்கு. சமைச்சுச் சாப்பிடுங்க. பெரியம்மாவுக்கு உப்பு ஆகாது, அவளுக்குத் தனியா எடுத்து வைங்க," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.